ஸ்கேன் தேதி நெருங்கும்போது உடம்புக்கு என்ன ஆகிறது, அதை எப்படி ஆற்றுவது

அக்கா மகனுக்கு 17 வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்தது. நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய். கழுத்தில் ஒரு கட்டி, ராத்திரியில் சட்டையைப் பிழிகிற அளவுக்கு வியர்வை, பாதியில் நின்ற பிளஸ் டூ, ஆறு மாதம் கீமோ. கடைசியில் எடுத்த பெட் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அழுதோம். அழகர்கோயிலில் மொட்டை போடுவதாக அக்கா வேண்டியிருந்தாள். அப்போதுதான் அரை அங்குலம் முளைத்திருந்த முடியை அங்கே கொடுத்துவிட்டு வந்தான்.

எங்களுக்குக் கதை அத்தோடு முடிந்தது. அவனுக்கு அங்கேதான் வேறொன்று ஆரம்பித்தது. பல் தேய்க்கும்போது ஒரு கை பிரஷில் இருக்கும், இன்னொரு கை கழுத்தில் இருக்கும். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், காறை எலும்புக்கு மேலே என்று விரல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "சித்தி, இங்க தொட்டுப் பாருங்க, இது முந்தாநாள் இல்லதானே?" என்றான். தொட்டுத் தொட்டு அந்த இடமே கன்றிப்போயிருந்தது. செக்கப் தேதிக்குப் பத்து நாள் முன்பிருந்து சோறு இறங்காது, ராத்திரி 2 மணிக்கு ஹாலில் லைட் எரியும். டாக்டர் "நல்லா இருக்க, மூணு மாசம் கழிச்சு வா" என்று சொன்னதும் ஒரு வாரம் துள்ளிக்கொண்டு திரிவான். அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

நாங்கள் சொன்னதெல்லாம் "தைரியமா இரு", "அதான் சரியாயிடுச்சே", "அதையே நினைக்காதே" ரகம்தான். நல்ல எண்ணத்தில் சொன்னது, உபயோகம் பூஜ்யம். பிறகு ஒரு மனநல ஆலோசகரிடம் அவனோடு நானும் போய் உட்கார்ந்தேன், கொஞ்சம் தேடியும் படித்தேன். அதில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் சொல்வதற்கும் இதற்கும் எங்காவது இடித்தால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஸ்கேன் என்ற சொல்லையும் பதற்றத்துக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்து 'ஸ்கேன்சைட்டி' என்று நோயாளிகள் புழங்க ஆரம்பித்தார்கள், இப்போது மருத்துவ இதழ்களிலும் அது வந்துவிட்டது. பெயர் வைக்கிற அளவுக்கு இது ஊரில் பலருக்கு இருக்கிறது, நமக்கு மட்டும் மூளை கலங்கவில்லை என்பது அந்த வயதில் தெரிய வேண்டிய விஷயம்.

அந்த வயது என்று சொன்னேன், அதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 15 முதல் 39 வயது வரையிலானவர்களைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. குழந்தைகள் வார்டில் கட்டிலுக்கு மேலே கார்ட்டூன் பொம்மை ஒட்டியிருக்கும், பெரியவர்கள் வார்டில் பக்கத்துப் படுக்கையில் தாத்தா இருப்பார். இரண்டிலும் ஒட்டாமல் இவர்கள் நடுவில் நிற்பார்கள். கூடப் படித்தவர்கள் கல்லூரியில் மூன்றாம் வருடத்தில் இருக்கும்போது இவன் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதைச் சொல்வதா, பெண் பார்க்க வரும்போது சொல்வதா, பிள்ளை பிறக்குமா என்று அறுபது வயது நோயாளிக்கு வராத கேள்விகளெல்லாம் இருபதில் வந்து நிற்கும். இதில் "நீ சின்னப் பையன், உனக்கென்ன" என்று எவராவது சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பயம் உட்கார்ந்திருக்கும் இடம்

மூளையின் உள்ளே பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஆபத்து என்று அதற்குப் பட்டால் போதும், நாம் யோசித்து முடிப்பதற்குள் செய்தி போய்விடும். அட்ரினலின் ஏறும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலே மேலே வாங்கும், தோள் தூக்கிக்கொள்ளும், வயிற்றில் புளியைக் கரைக்கும், உள்ளங்கை வியர்க்கும். கொஞ்சம் பின்னால் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் வந்து சேரும். பாம்பைக் கண்டால் ஓடுவதற்கு இது அருமையான ஏற்பாடு. மூன்று வாரம் கழித்து வரப்போகிற ரிப்போர்ட்டைக் கண்டு எங்கே ஓடுவது?

அதைவிட வேடிக்கை, உடம்பு தானாகப் பாடம் படித்துக்கொள்ளும். மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று பாவ்லவ் கதையைப் பள்ளியில் படித்திருப்போம். கீமோவும் அப்படித்தான். மருத்துவமனை ஸ்பிரிட் வாடை, டிரிப் ஸ்டாண்டின் சக்கரச் சத்தம், குறிப்பிட்ட பேருந்து நிறுத்தம் என்று எதெல்லாம் வாந்தியோடு கூட வந்ததோ, அதெல்லாம் மணியாகிவிடும். டாக்சோரூபிசின் என்கிற மருந்து செக்கச்செவேல் என்று இருக்கும், ஊசி வழியாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும். எங்கள் பையன் ரோஸ்மில்க் பைத்தியம். கீமோவுக்குப் பிறகு பேக்கரியில் அந்தக் கிளாஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் மனத்தைக் கேட்டால் அது ரோஸ்மில்க் என்று தெளிவாகச் சொல்லும். உடம்பு ஒத்துக்கொள்ளாது.

"அதையே நினைக்காதே" என்ற அறிவுரை ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது புரிகிறது. நாங்கள் மனத்திடம் பேசிக்கொண்டிருந்தோம், பயத்தைப் படித்து வைத்திருந்ததோ உடம்பு. இதயத்தை "மெதுவாக அடி" என்று அதட்ட முடியாது, வயிற்றை "பிசையாதே" என்று சொல்ல முடியாது. ஆனால் தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும் என்கிற வகையில் நம் கையில் இருப்பது மூச்சு. அதற்கடுத்து தசை. அந்த வழியாக உள்ளே போய் அமிக்டலாவுக்கு "அபாயம் இல்லை" என்று தகவல் அனுப்புவதுதான் மனம்-உடல் சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மூச்சு, தசை, கவனம், அசைவு, இசை, கற்பனை என்று பிடிக்கிற கயிறு வேறு வேறு. கட்டியிருப்பது ஒரே கிணற்றில். ஹார்வர்டில் இருந்த ஹெர்பர்ட் பென்சன் என்ற இதயநோய் மருத்துவர் 1975-ல் எழுதிய புத்தகத்தில், பதறும் நிலைக்கு நேர் எதிரான ஓய்வு நிலை ஒன்றும் உடம்பில் இருக்கிறது, அதைப் பழகிக் கூப்பிடலாம் என்று சொன்னார். நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இது புதுச் செய்தி இல்லை, ஆனால் அவர் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் அளந்து பார்த்துச் சொன்னார்.

மூச்சு

இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் தளரும். சின்ன வயதுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். வேகஸ் என்கிற நரம்பு, மூளையின் அடியிலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், வயிறு வரை இறங்குவது, மூச்சை விடும்போது இதயத்துக்குப் பிரேக் போடுகிறது. ஆகவே வெளியே விடுகிற நேரத்தை நீட்டினால் பிரேக்கை அதிக நேரம் மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை 6-க்குக் கொண்டுவருவதுதான் பயிற்சி. 4 எண்ணும் வரை மூக்கு வழியாக இழுப்பது, 6 எண்ணும் வரை விடுவது. கூட்டினால் 10 நொடி, நிமிடத்துக்கு 6. ஐந்து நிமிடம் போதும். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டால் மூச்சு நெஞ்சோடு நிற்கிறதா கீழே இறங்குகிறதா என்று தெரியும். இதில் எல்லோரும் செய்கிற தப்பு, "ஆழமா இழு" என்றதும் ஊரில் உள்ள காற்றையெல்லாம் இழுப்பது. அப்படி இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், பயந்தவன் இன்னும் பயப்படுவான். அவனுக்கும் முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று. ஆழத்தை விடுங்கள், மெதுவாக விடுவதில் மட்டும் குறியாக இருங்கள். 6 எண்ண மூச்சு போதவில்லை என்றால் 3-ல் இழுத்து 4-ல் விடலாம், யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

மூச்சை அடக்குவது, கபாலபாதி மாதிரி வேகமாக அடிப்பது எல்லாம் இவர்களுக்கு வேண்டாம், குறைந்தபட்சம் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஹாட்ஜ்கினுக்குக் கொடுக்கிற பிளியோமைசின் சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கும், மேலே சொன்ன அந்தச் சிவப்பு மருந்து சிலருக்கு இதயத்தைப் பாதிக்கும், அது வருடங்கள் கழித்துக்கூடத் தெரியவரலாம். யூடியூபில் பிராணாயாமம் சொல்லித் தருகிறவருக்கு உங்கள் கேஸ் ஃபைலில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

தசை

1929-ல் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். தசை தளர்ந்திருக்கும்போது மனம் மட்டும் பதறிக்கொண்டிருப்பது கஷ்டம் என்பது அவர் கட்சி. அவர் கொடுத்த முறை இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தசைக் கூட்டமாக முதலில் இறுக்க வேண்டும், ஐந்து ஏழு நொடி, அப்புறம் சட்டென்று விட்டுவிட்டு இருபது முப்பது நொடி அந்தத் தளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். கைமுட்டி, மேற்கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று போகலாம். முதலில் ஏன் இறுக்கச் சொல்கிறார் என்றால், தோளைத் தூக்கி வைத்திருக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. இறுக்கி விட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். பையனுக்குத் தாடைதான். ராத்திரியில் பல்லைக் கடித்துக் கடித்துக் காலையில் தலைவலியோடு எழுந்திருப்பான். படுக்கப் போகும் முன் தாடையை மட்டும் பத்துத் தடவை இறுக்கி விட்டாலே போதும் என்று அவனாகக் கண்டுபிடித்தான்.

மூச்சு பிடிக்காதவர்களுக்கு இது நல்ல வழி. சிலருக்கு, அதுவும் வீசிங் வந்து ஆக்சிஜன் மாஸ்க் போட்டுப் படுத்திருந்தவர்களுக்கு, மூச்சைக் கவனி என்று சொன்னாலே கெட்ட ஞாபகம்தான் வரும். அவர்களிடம் மூச்சைப் பேசக்கூடாது. கை விரல், பாதம், வெளியே கேட்கும் சத்தம் என்று தொடங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, இதை எங்களிடம் முதலில் யாரும் சொல்லவில்லை. பெட் ஸ்கேனுக்கு ஊசி போட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனி அறையில் படுக்க வைப்பார்கள், பேசாதே, ஃபோன் பார்க்காதே, அசையாதே என்பார்கள். அந்த ஊசியில் இருப்பது சர்க்கரை மாதிரியான ஒரு பொருள். எந்தத் தசை வேலை செய்கிறதோ அது அதை இழுத்துக்கொள்ளும், படத்தில் கழுத்தும் தோளும் பளிச்சென்று தெரிந்து பார்க்கிறவருக்குக் குழப்பமாகும். ஆகவே அந்த ஒரு மணி நேரத்தில் இறுக்கி விடுகிற பயிற்சி கூடவே கூடாது. மெதுவான மூச்சு மட்டும். ஸ்கேன் அறையின் ஏசியும் சும்மா இருக்காது. குளிர்ந்தாலும் உடம்பில் சில கொழுப்புப் பகுதிகள் சர்க்கரையை இழுக்கும், போர்வை வேண்டும் என்று வெட்கப்படாமல் கேட்கலாம்.

கவனம்

மைண்ட்ஃபுல்னெஸ் என்று செல்ஃபோன் ஆப் முதல் சோப்பு விளம்பரம் வரை எல்லோரும் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே தேய்ந்துவிட்டது. விஷயம் எளிது: இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்து மருத்துவமனைக்கு ஏற்ற மாதிரி ஆக்கியவர் ஜான் கபாட்-ஜின். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், மருந்தால் தீராத வலியோடு அலைந்தவர்களுக்காக அவர் தொடங்கிய வகுப்பு 8 வாரம் நடக்கும். வாரம் ஒரு தடவை இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் பயிற்சி, நடுவில் ஒரு முழு நாள் மௌனமாக.

பயம் வந்தால் அதை விரட்டாமல் "பயம் வந்திருக்கிறது, நெஞ்சில் இறுக்கமாக இருக்கிறது" என்று பார்த்துக்கொண்டு உட்கார்வது கேட்பதற்கு ஏதோ தத்துவம் போல இருக்கும். கழுத்தைத் தடவுகிற பையனுக்கு அது எப்படி உதவியது என்று சொல்கிறேன். ஆலோசகர் அவனை "தொடாதே" என்று சொல்லவில்லை. கை கழுத்துக்குப் போகும்போது போகிறது என்று கவனி, தொடுவதற்கு முன் மூன்று மூச்சு விடு, அப்புறமும் தொட வேண்டும் என்றிருந்தால் தொடு என்றார். மூன்று மூச்சுக்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் ஆசை ஏறி, உச்சிக்குப் போய், கொஞ்சம் இறங்குவதை அவன் பார்த்தான். பாதி நேரம் அப்புறமும் தொட்டான். பாதி நேரம் தொடவில்லை. ஒரு மாதத்தில் அந்தக் கன்றிப்போன இடம் ஆறிவிட்டது. கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மாதம் ஒரு நாள், குளித்து முடித்ததும் என்று டாக்டரிடம் பேசி வைத்துக்கொண்டான்.

இந்த வகுப்புகளில் தலை முதல் கால் வரை ஒவ்வொரு இடமாகக் கவனத்தை நகர்த்துகிற பயிற்சிக்கு 'பாடி ஸ்கேன்' என்று பெயர். புற்றுநோய் வந்தவர்களிடம் போய் ஸ்கேன் என்று ஏன் பெயர் வைத்தார்களோ! அவன் அந்த ஆடியோவை அந்த வார்த்தைக்காகவே மூடிவிட்டான். நாங்கள் அதை 'ஊர் சுற்றுவது' என்று சொல்லிக்கொண்டோம், பாதத்தில் கிளம்பி உச்சந்தலையில் இறங்குகிற பஸ். கழுத்து நிறுத்தத்தில் நிற்காமல் போகவும் அனுமதி உண்டு. அது முக்கியம். உடம்பே எதிரியாகத் தெரிகிற ஒருவரிடம் உடம்பை உன்னிப்பாகக் கவனி என்றால் சிலருக்குப் பதற்றம் கூடத்தான் செய்யும். கண்ணை மூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நன்றாக இல்லை என்றால் வேறொன்றுக்குப் போகலாம். இதைச் சொல்லாமல் தியானம் கற்றுத்தருகிறவர் இவர்களுக்குச் சரிப்பட மாட்டார்.

ரோஸ்மில்க்குக்கு ஓர் ஏணி

மணியடித்ததும் எச்சில் ஊறுவதை எப்படி மறக்க வைப்பது? படிப்படியாகப் பழக்குவது என்று ஒரு முறை இருக்கிறது. 1982-லேயே கீமோவுக்கு முன்பே வருகிற குமட்டலுக்கு இதைச் சோதித்துப் பார்த்து, பலன் இருக்கிறது என்று அமெரிக்காவில் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. பயப்படுகிற விஷயங்களை லேசானதிலிருந்து கடுமையானது வரை ஒரு தாளில் எழுத வேண்டும். அவன் எழுதிய பட்டியலில் முதல் படி பேக்கரி, இரண்டாவது மருத்துவமனைக்குப் போகும் பஸ், அப்புறம் வாசல், டோக்கன் கொடுக்கும் கவுன்ட்டர், ரத்தம் எடுக்கும் அறை, கடைசியில் டாக்டரின் கையில் இருக்கும் கவர். முதலில் தசையைத் தளர்த்திக்கொண்டு நன்றாக ஓய்ந்த பிறகு முதல் படியைக் கற்பனையில் பார்க்க வேண்டும். பதற்றம் ஏறினால் காட்சியை விட்டுவிட்டு மறுபடி தளர வேண்டும். அது பதறாமல் கடந்தால்தான் அடுத்த படி. இதைத் தனியாகச் செய்யாதீர்கள், உளவியல் நிபுணரோடுதான் செய்ய வேண்டும், எங்களுக்கும் ஆறு வாரம் ஆயிற்று. ரோஸ்மில்க் இன்னும் குடிக்கவில்லை. பேக்கரிக்குப் போகிறான், பாதாம் பால் குடிக்கிறான்.

யோகாவையும் இசையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யோகா என்றால் இங்கே தலைகீழாக நிற்பது இல்லை. மெதுவாக நீட்டுவது, மூச்சோடு சேர்ந்து அசைவது, கடைசியில் சவாசனத்தில் கிடப்பது. ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம், இடுப்பு மூட்டு பாதித்திருக்கலாம். வின்கிரிஸ்டின் போன்ற மருந்து எடுத்தவர்களுக்குப் பாதம் மரத்து, ஒற்றைக் காலில் நின்றால் தடுமாறும். மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கிற போர்ட் என்ற சின்னக் கருவி இருந்தால் கையைத் தூக்கி இழுப்பது பற்றிக் கேட்க வேண்டும். மாஸ்டரிடம் முதல் நாளே இதையெல்லாம் சொல்லிவிடுங்கள், "பரவாயில்ல, நான் செஞ்சிடுவேன்" என்று வீரம் காட்ட வேண்டாம். இசையில் எனக்குப் பிடித்த ஆராய்ச்சி ஒன்று 2014-ல் வெளிவந்தது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் தனி அறையில் அடைந்துகிடந்த 11 முதல் 24 வயதுக்காரர்களை, இசைச் சிகிச்சை தெரிந்தவரின் துணையோடு தாங்களே பாட்டெழுதி வீடியோ எடுக்க வைத்தார்கள். நோயைத் துணிச்சலாக எதிர்கொள்ளும் விதம் கூடியது, 100 நாள் கழித்துப் பார்த்தபோது வீட்டோடும் நண்பர்களோடும் உள்ள ஒட்டுதல் கூடியிருந்தது. தியானம் என்றாலே கொட்டாவி விடுகிற பிள்ளைக்கு இப்படி ஏதாவது சரியாக வரும்.

இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா

நியாயமான கேள்வி. 2023-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் வழக்கமான சிகிச்சையோடு இந்த மாதிரிப் பயிற்சிகளையும் சேர்த்துப் பார்க்கிற ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. பெரியவர்களின் பதற்றத்துக்குச் சிகிச்சை நடக்கும்போது மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, யோகா, தளர்வுப் பயிற்சி, இசை போன்றவற்றையும், சிகிச்சை முடிந்த பிறகு மைண்ட்ஃபுல்னெஸ், யோகா, அக்குபங்சர், தாய் சி என்கிற மெதுவான சீன அசைவுப் பயிற்சி போன்றவற்றையும் அது ஏற்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் இல்லை, மைண்ட்ஃபுல்னெஸ்தான் முன்னால் நிற்கிறது.

ஆனால் இந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் யார் என்று பாருங்கள். 2013-ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு 410 பேரிடம் நடத்திய யோகா ஆய்வு மிகவும் பெயர்பெற்றது, வாரம் இரண்டு தடவை 75 நிமிடமாக 4 வாரம் செய்தவர்களுக்குத் தூக்கம் நன்றாக வந்தது. அவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோயைக் கடந்த நடுவயதுப் பெண்கள். அதை அப்படியே 19 வயதுப் பையனுக்குப் பொருத்திவிட முடியாது. இளையவர்களை மட்டும் வைத்து நடந்தவற்றில் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையின் 'பிரிஸம்' பயிற்சி பேசப்படுகிறது. 12 முதல் 25 வயதுக்காரர்களுக்கு நான்கு சிறு சந்திப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு திறமை: பதற்றத்தைத் தணிப்பது, இலக்கு வைப்பது, கெட்ட எண்ணத்தைத் திருப்பிப் பார்ப்பது, நடந்ததற்கு ஒரு பொருள் தேடுவது. தாக்குப்பிடிக்கும் தெம்பு கூடியது, மனவேதனை குறைந்தது. அது சிகிச்சையில் இருந்தவர்களிடம் நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மொத்தத்தில் இளையவர்களுக்கான ஆதாரம் இன்னும் மெலிசுதான் என்பது என் அபிப்பிராயம். செலவு குறைவு, ஜாக்கிரதையாகச் செய்தால் கெடுதலும் குறைவு, அதனால் முயன்று பார்க்கலாம் என்பதும் என் அபிப்பிராயமே.

ஒன்றை மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன். இவை பயத்துக்கு. புற்றுநோய்க்கு இல்லை. மூச்சுப் பயிற்சியால் கட்டி கரையும், நேர்மறையாக நினைத்தால் நோய் திரும்பாது என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2018-ல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. அதோடு "நீ பயந்ததால்தான் நோய் திரும்பியது" என்ற பழியைச் சின்னப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

பயிற்சி போதாத கட்டமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, பயத்தில் செக்கப்புக்கே போக மறுக்கிறான், கல்லூரிக்கும் போகவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே பதற்றத்தை அளக்க ஏழு கேள்வி கொண்ட ஒரு தாள் கொடுப்பார்கள், மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனித்து விசாரிப்பார்கள். பேச்சுச் சிகிச்சை தருவார்கள், தேவைப்பட்டால் மாத்திரை தருவார்கள், மாத்திரை எடுப்பதில் எந்தத் தோல்வியும் இல்லை. அடையாறு மாதிரிப் பெரிய புற்றுநோய் மையங்களில் மனநல ஆலோசனைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. ராத்திரி நேரத்தில் ஒன்றும் தோன்றாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் செய்த முதல் தப்பு, ஸ்கேன் நாளன்று வெயிட்டிங் ஹாலில் வைத்து மூச்சுப் பயிற்சியை ஆரம்பித்ததுதான். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்கிற கதை. பயமில்லாத நாளில், ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் செய்ய வேண்டும். காபிக்கு முன், விளக்கேற்றிய பின் என்று ஏற்கனவே இருக்கிற பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்காது. வீட்டில் இருப்பவர்கள் கூட உட்கார்ந்து செய்தால் நல்லது. மணிக்கொரு தரம் "செஞ்சியா, செஞ்சியா" என்று கேட்பது நல்லதில்லை. அக்கா கொஞ்ச நாள் கேட்டாள், அப்புறம் அவளே அவன் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் தூக்கமில்லாமல் இரண்டு வருடம் ஆகியிருந்ததை நாங்கள் யாரும் விசாரிக்கவே இல்லை.

இப்போது அவனுக்கு 20 வயது, செக்கப் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. முந்தைய நாள் இன்னமும் சரியாகச் சாப்பிட மாட்டான். கல்லூரிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து 4-ல் இழுத்து 6-ல் விட்டு எண்ணிக்கொண்டே போகிறான், பெரும்பாலும் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுகிறான், அதையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறான்.